மெதுவாக நடப்பவரை வைத்து அளந்து பார், கண்ணு

பீளமேடு,
கோயம்புத்தூர்.

அன்புள்ள கண்ணுவுக்கு,

அப்புச்சி எழுதுவது. நானும் அம்மாயியும் சுகம். சாலைச் சந்திப்புகளைச் சீரமைக்கும் குழுவில் உன்னைப் போட்டிருக்கிறார்கள் என்று உன் அம்மா சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து உனக்கு எழுத வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது. போனில் சொன்னால் ‘சரி அப்புச்சி, சரி அப்புச்சி’ என்று வைத்துவிடுவாய். கடிதமென்றால் ஒரு முறையாவது உட்கார்ந்து படிப்பாய்.

முதலில் உன்னைத் திட்ட வேண்டியதைத் திட்டிவிடுகிறேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் பன்னும் டீயும் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறாயாமே. இந்த வயதில் வயிற்றைக் கெடுத்துக்கொண்டால் நாற்பதில் அழ வேண்டியிருக்கும். ஸ்கூட்டரில் போகும்போது ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்தால் மட்டும் போதாது, தாடைப் பட்டையை மாட்டு. ராத்திரி வேலைக்கு இறங்கினால் ஒளிரும் சட்டை போடாமல் ரோட்டில் கால் வைக்காதே. சாலைக்காரர்கள்தான் சாலையில் அதிகம் அசட்டையாக இருக்கிறார்கள். ஆட்களுக்கும் அந்தச் சட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்.

இனி ஊர்ச் செய்தி. அவினாசி ரோட்டு மேம்பாலத்தை 2025 அக்டோபரில் திறந்துவிட்டார்கள். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர். கட்டி முடிக்க 1,791 கோடி ரூபாய் ஆனதாகச் சொன்னார்கள். ஜி.டி. நாயுடு பெயரை வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் மெத்த சந்தோசம். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டித் தொழிலைத் தொடங்கிய மனிதர். நம்மூர் ரோட்டுக்கு அவர் பெயரை விடப் பொருத்தமான பெயர் கிடையாது. உன் மாமன் காரில் ஒருநாள் எங்களை மேலே கூட்டிப் போனான். லட்சுமி மில், நவ இந்தியா, பீளமேடு, ஹோப் காலேஜ் என்று ஒவ்வொரு சிக்னலிலும் நின்று நின்று போன ரோட்டை நிமிடக் கணக்கில் தாண்டிவிட்டோம். ஆம்புலன்ஸ் போகும் வேகத்தைப் பார்த்தபோது, இது எத்தனை உயிரைக் காப்பாற்றும் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். வேலை நடந்த வருசங்களில் நாங்கள் குடித்த தூசியெல்லாம் இதற்காகத்தான் என்றால் அதில் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் கண்ணு, பாலத்துக்குக் கீழேயும் ஒரு ரோடு இருக்கிறது. நாங்கள் இருப்பது அங்கேதான். முழங்கால் ஆபரேசனுக்குப் பிறகு அம்மாயி எவ்வளவு தேறிவிட்டாள் என்று நீயே பார்த்தாய். வீட்டுக்குள் கோல் இல்லாமல் நடக்கிறாள். டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார். அவள் நாற்பது வருசமாகப் போய்வந்த கோயிலும் காய்கறிக் கடையும் ரோட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கின்றன. இப்போது அங்கே போவதை நிறுத்திவிட்டாள். காலில் வலி இல்லை, ரோட்டைத் தாண்டத்தான் முடியவில்லை. நடுவில் தூண்கள் வந்துவிட்டதால் அந்தப்பக்கம் என்ன வருகிறதென்று தெரிவதில்லை. பாதி தாண்டித் தூணோரமாக நின்றால் அடுத்த பாதிக்கு யாரும் வழி விடுவதில்லை. ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், “ஏனுங்க, அந்தப்பக்கம் போறதுக்கு ஒரு வழி வைக்கோணும்னு அவியளுக்குத் தோணலீங்களா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தக் கேள்விக்கு எங்காவது ஒரு இடத்திலாவது பதில் சொல்லக்கூடிய இடத்துக்கு நீ போயிருக்கிறாய். அதற்காகத்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

நம்மூரில் பல சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு யூ டர்ன் வைத்தார்கள், லாலி ரோட்டில் ரவுண்டானா போட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். வண்டிக்காரர்களுக்கு நல்ல நிம்மதி. நின்று புகைவிட்டுக் காத்திருந்த நேரம் மிச்சம். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சிவப்பு விளக்கு எரியும்போது கிடைத்த அந்தச் சின்ன இடைவெளிதான் நடப்பவர்களுக்குச் சொந்தமாக இருந்தது. வண்டிகள் நிற்காமல் போனால் அந்த இடைவெளி எப்போதுமே வராது. விளக்கை எடுத்த இடத்தில் நடப்பவருக்கு வேறொரு வழியை வைத்துக் கொடுத்தார்களா என்றுதான் பார்க்க வேண்டும். எந்தச் சந்திப்பின் வரைபடம் உன் மேசைக்கு வந்தாலும் இந்த ஒரு கேள்வியை முதலில் கேள்.

உன் படிப்பு எனக்கு இல்லை. மில்லில் ஃபிட்டராக இருந்தவன். ஆனால் போன விடுமுறையில் நீ விட்டுவிட்டுப் போன இந்தியச் சாலைப் பேராயத்தின் நடைபாதை விதிப் புத்தகத்தை உன் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தெரிந்த மட்டும் படித்தேன். நடைபாதையில் தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும், விளிம்புக்கல் 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்று அதில் தெளிவாகப் போட்டிருக்கிறது. விதி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் தெருக்களில் எத்தனை இடத்தில் ஒரு முழம் உயரத்துக்கு விளிம்பைக் கட்டி வைத்திருக்கிறார்கள்! அம்மாயி அதில் ஏறுவதற்குப் பதிலாக வண்டிகளுக்கு நடுவிலேயே நடக்கிறாள். நடைபாதை இருந்தும் ஜனங்கள் ரோட்டில் நடக்கிறார்கள் என்று யாராவது உன்னிடம் புகார் சொன்னால், நீ அளவுகோலை எடுத்துக்கொண்டு போய் அந்த விளிம்பை அளந்து பார்.

சிக்னலில் நடப்பவருக்கு எத்தனை வினாடி கொடுப்பது என்று கணக்குப் போடும்போது, ஒரு வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துக்கொள்வார்கள் என்று நீதான் எனக்குச் சொன்னாய். 20 மீட்டர் அகல ரோட்டைத் தாண்ட ஏறக்குறைய 17 வினாடி. அம்மாயிக்கு அதில் இரண்டு பங்கு நேரம் வேண்டும். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கும், ஒரு கையில் பையும் ஒரு கையில் குழந்தையுமாகப் போகிறவளுக்கும், கண் தெரியாதவருக்கும் அப்படித்தான். அவர்களை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடாதே. உங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் எல்லாரும் ஒருநாள் அந்த வேகத்துக்கு வரப்போகிறவர்கள்தான். மெதுவாக நடப்பவரை வைத்து அளந்தால் வேகமாக நடப்பவர் தானாகத் தாண்டிவிடுவார். வேகமானவரை வைத்து அளந்தால் மற்றவர் நடுரோட்டில் நிற்பார்.

2022-இல் நம் நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 32,825 பேர் நடந்து போனவர்கள். அரசாங்கமே வெளியிட்ட கணக்கு. வண்டி ஓட்டாத, யாரையும் முந்தாத, வீட்டிலிருந்து கடைக்குக் கிளம்பியவர்கள். பேப்பரில் அதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ரவுண்டானாவை நான் வெறுப்பதாக நினைத்துவிடாதே. நான்கு ரோடு கூடும் சாதாரணச் சந்திப்பில் வண்டியோடு வண்டி மோதிக்கொள்ளக்கூடிய இடங்கள் 32, ஒற்றைத் தட ரவுண்டானாவில் அது 8 தான் என்று நீ ஒருமுறை காகிதத்தில் வரைந்து காட்டியது இன்னும் என் நோட்டில் இருக்கிறது. ஆனால் அந்தப் பலன், வண்டி வேகம் குறைந்து உள்ளே நுழைந்தால்தான். திருப்பத்தை அகலமாக வளைத்து, ஃப்ரீ லெஃப்ட் என்று விட்டுவிட்டால் யாரும் பிரேக்கைத் தொட மாட்டார்கள். திருப்பத்தை இறுக்கு. நடுத்திட்டில் நடப்பவர் பாதுகாப்பாக நிற்க இடம் விடு. முடிகிற இடத்தில் கடக்கும் பாதையையே நடைபாதை உயரத்துக்கு மேடாக்கு, வண்டி ஏறி இறங்கட்டும். இதெல்லாம் மேம்பாலத்தோடு ஒப்பிட்டால் அற்பக் காசு. செலவு குறைவாக இருப்பதாலேயே இதை யாரும் பெரிய வேலையாக மதிப்பதில்லையோ என்று எனக்கு ஒரு கவலை.

குளக்கரைப் பாதைகளையும் சொல்ல வேண்டும். ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்கு 2016 ஜனவரியில் முதல் 20 ஊர்களைத் தேர்ந்தெடுத்தபோது கோவையும் அதில் வந்தது. உக்கடம் பெரியகுளத்திலும் வாலாங்குளத்திலும் கரையைக் கட்டி, நடக்கவும் சைக்கிள் விடவும் பாதை போட்டிருக்கிறார்கள். சின்ன வயதில் மூக்கைப் பொத்திக்கொண்டு நீ தாண்டிய வாலாங்குளத்தின் ஓரத்தில் இன்று குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ரேஸ் கோர்ஸ் சுற்றுப்பாதையிலும் விடிகாலையில் போய்ப் பார்த்தால் ஊரே நடக்கிறது. மனசு நிறைந்துவிடும். அம்மாயியை உன் மாமன் அங்கே கூட்டிப் போனால் கையை வீசிக்கொண்டு நடக்கிறாள்.

ஆனால் அவள் நடப்பதற்காக நாங்கள் ஆட்டோ பிடித்துப் போக வேண்டியிருக்கிறது. வீட்டு வாசலிலிருந்து அந்தப் பாதைக்கு ஒரு பாதை இல்லை. நடைபாதை என்பது பூங்காவுக்குள் வைக்கும் அழகுப் பொருளாக நின்றுவிட்டால், அது வண்டி வைத்திருப்பவர்கள் நடக்கும் இடமாகிவிடும். குளக்கரையிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு, பஸ் ஸ்டாப்பிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு என்று ஒன்றோடொன்று கோத்துக் கொடுங்கள். நான் மில்லில் இருந்த காலத்தில் ஷிப்டு விடும் நேரத்தில் அவினாசி ரோடு முழுக்க சைக்கிளாக இருக்கும். உன்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனதும் என் சைக்கிள் முன்கம்பியில்தான். இன்று எந்தத் தாத்தா தன் பேத்தியை அப்படிக் கூட்டிப் போகத் துணிவார்?

நம் தெரு எப்படியிருக்கிறது என்று கேட்டிருந்தாய். பாதாளச் சாக்கடைக்கு ஒருமுறை, 24 மணி நேரக் குடிநீர்க் குழாய்க்கு ஒருமுறை, கேபிளுக்கு ஒருமுறை என்று தோண்டினார்கள். மூடிய பள்ளம் ஒவ்வொரு மழைக்கும் உள்வாங்குகிறது. ரோடு போடும்போது பழைய தாரின் மேலேயே புதிய தாரைக் கொட்டிவிட்டுப் போனார்கள். வாசலில் மூன்று படி ஏறி வீட்டுக்குள் போனது உனக்கு ஞாபகம் இருக்கும். இப்போது ஒரு படிதான் மிச்சம். பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவு போட்டார். உத்தரவு காகிதத்தில் மட்டும் இருந்தால் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வருவது நிற்காது. உன் வேலையில் சுரண்டும் இயந்திரம் வராமல் தார் லாரி வந்தால், லாரியைத் திருப்பி அனுப்பு.

இதைச் சொல்லும்போதுதான் எனக்குப் பயமும் வருகிறது. நீ புதுசு. வயசு சின்னது. ஒப்பந்ததாரர் அனுபவஸ்தராக இருப்பார், ‘இதெல்லாம் இப்படித்தான் பாப்பா’ என்பார். மேலே இருப்பவர்கள் தேதியைச் சொல்லி அவசரப்படுத்துவார்கள். நடைபாதையிலிருந்து அரை மீட்டரை எடுத்து ரோட்டுக்குக் கொடுத்தால் யாரும் சத்தம் போட மாட்டார்கள் என்று சொல்வார்கள். அப்போது நீ சண்டை போட வேண்டாம், குரலையும் உயர்த்த வேண்டாம். விதியின் அளவையும் அங்கே நீ அளந்த அளவையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, கோப்பில் எழுதிக் கையெழுத்து வை. எழுதி வைத்ததை மாற்ற எல்லாரும் யோசிப்பார்கள். என் சர்வீஸ் முழுக்க நான் பார்த்தது அது. எல்லா இடத்திலும் நீ ஜெயிக்க மாட்டாய். தோற்ற இடத்தை நினைத்துச் சாப்பிடாமல் படுக்காதே. அடுத்த சந்திப்பில் உனக்கு வேலை இருக்கிறது.

வரைபடம் போடுவதற்கு முன்னால் அந்த இடத்தில் போய் நில். காலையில் பள்ளிக்கூட நேரத்திலும், மழையிலும், இருட்டியும் பார். தெரு கூட்டுபவர், பூக்காரம்மா, ஆட்டோ ஸ்டாண்டுக்காரர் மூவரையும் கேள். எந்த இடத்தில் வண்டி வேகமாகத் திரும்பும், எங்கே தண்ணீர் தேங்கும், பிள்ளைகள் எந்த இடத்தில் குறுக்கே ஓடும் என்று அவர்கள் சொல்வது உன் கம்ப்யூட்டரில் இருக்காது. நடுத்திட்டில் ஜனங்கள் தாண்டித் தாண்டி ஒரு இடத்தில் மண் தேய்ந்திருக்கும். அங்கே கம்பிவேலி போடத்தான் எல்லாரும் நினைப்பார்கள். நீ அங்கே வழி வைக்க முடியுமா என்று பார்.

பொங்கலுக்கு லீவு கிடைக்குமா என்று உடனே எழுது. அம்மாயி முறுக்கு சுட்டு டப்பாவில் அடைத்து வைத்திருக்கிறாள், உன் மாமன் அந்தப்பக்கம் வரும்போது கொடுத்தனுப்புகிறேன். கூட இருக்கும் பிள்ளைகளுக்கும் கொடு. சம்பளத்தில் கொஞ்சம் போட்டு வை, எங்களுக்குப் புடவை வேட்டி எடுக்கிறேன் என்று கிளம்பாதே.

ஒன்றே ஒன்றை மட்டும் எங்களுக்காகச் செய். உன் முதல் சந்திப்பு வேலை முடிகிற சமயத்தில், மேலதிகாரி கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், சொல்லியனுப்பு. அம்மாயியை ரயிலில் கூட்டி வருகிறேன். அவளிடம் எதுவும் சொல்லாதே, கையையும் பிடிக்காதே. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு அவளாகப் போகட்டும். எந்த இடத்தில் தயங்கி நிற்கிறாளோ அதைக் குறித்துக்கொண்டு போய்ச் சரி செய். அதற்குப் பிறகு கையெழுத்து வாங்கு.

உடம்பைப் பார்த்துக்கொள் சாமி. வாரம் ஒருமுறையாவது இரண்டு வரி எழுது.

அன்புடன்,
உன் அப்புச்சி