கடம்பூர் மணிமேகலை

பொன்னியின் செல்வனைப் படித்த எவருக்கும் இலங்கை ஒரு கனவுத் தீவாகவே மனத்தில் தங்கிவிடுகிறது. எனக்கு அந்தக் கனவு என் சித்தியின் குரலில் வந்தது. கல்கி இதழில் 1950இல் தொடங்கி ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் வெளிவந்த அந்நாவல், பின்னரும் அதே இதழில் பலமுறை தொடராக வந்தது. அவ்வாறு வந்த ஒரு முறை, வாரந்தோறும் பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்து, ஐந்து தொகுதிகளாகப் பைண்டு செய்து வைத்திருந்தார் சித்தி. விடுமுறையில் பாட்டி வீட்டுக்குப் போனால், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அவர் வாசிக்க, நாங்கள் ஏழெட்டுப் பேர் திண்ணையில் படுத்தபடி கேட்போம். தொலைபேசி நிலையத்தில் பணியாற்றியவர். உச்சரிப்பு தெளிவாக இருக்கும். நந்தினி பேசும்போது நந்தினியாகவும், ஆழ்வார்க்கடியான் பேசும்போது அவனாகவும் மாறிவிடுவார். ஒரே ஒரு பாத்திரத்துக்கு மட்டும் அவர் குரலை மாற்றியதில்லை. கடம்பூர் சம்புவரையரின் மகள் மணிமேகலை பேசுவதைத் தம் சொந்தக் குரலிலேயே வாசித்துவிடுவார். இதை நான் உணர்ந்தது வெகுகாலம் கழித்துத்தான்.

சித்தி மணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று வீட்டில் எவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

2023 மே மாத முதல் வாரத்தில் அவரை இலங்கைக்கு அழைத்துச் சென்றேன். எழுபத்தொரு வயதில் அவர் எடுத்த முதல் பாஸ்போர்ட். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்குச் செல்லும் சிறிய விமானம் 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியிருந்தது. பல்கலைக்கழகத்தில் என்னோடு எம்.ஏ. படித்த தோழி ஒருத்தி யாழ்ப்பாணத்தில் இருக்கிறாள். அவள் வீட்டில் தங்கல். விமானம் கடலுக்கு மேல் வந்ததும் சித்தி சன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டார். கோடிக்கரையைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். பூங்குழலி இரவெல்லாம் துடுப்பு வலித்த கடல், எங்கள் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. சித்திக்கு அதில் சிறிது வருத்தம்.

முதல் நாள் குறிகட்டுவானிலிருந்து படகேறி நயினாதீவுக்குப் போனோம். சாத்தனாரின் காப்பிய நாயகி சென்று சேர்ந்த மணிபல்லவம் இத்தீவே என்று சொல்வாருண்டு. நான் தமிழாசிரியர்களுக்கே உரிய உற்சாகத்தோடு அதை விளக்கத் தொடங்கினேன். "இது அந்த மணிமேகலைடி. அவளுக்கு அட்சயபாத்திரம் கிடைத்தது. நம்மவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை," என்றார் சித்தி. சிரித்துக்கொண்டே அம்மன் கோயிலுக்கு நடந்தோம்.

அனுராதபுரத்துக்கு நாங்கள் போன நாள் மே 5, வெசாக் பௌர்ணமி. நாவலின் இரண்டாம் பாகமான சுழற்காற்றில், பெரஹராத் திருவிழாவின் கூட்டத்தினூடே அருள்மொழிவர்மரும் வந்தியத்தேவனும் ஆழ்வார்க்கடியானும் இதே நகரில் நடந்து போகிறார்கள். நாங்கள் கண்டது வேறு விழாதான். ஆனாலும் வெள்ளுடை உடுத்த ஆயிரமாயிரம் பேர் தாமரை மொட்டுகளோடு மகாபோதி மரத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தபோது, ஏதோ ஓர் அத்தியாயத்துக்குள் இறங்கிவிட்டதாகவே பட்டது. தெருவெங்கும் காகித விளக்குக் கூடுகள். வழிப்போக்கர் எல்லோருக்கும் இலவச உணவு. செங்கல் மலையாக நின்ற ஜேதவனராமத்தை, மூன்றாம் நூற்றாண்டில் மகாசேன மன்னன் தொடங்கிய அந்தத் தூபியை, சித்தி கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார்.

எங்கள் வேன் ஓட்டுநர் சிங்களவர். கொஞ்சம் தமிழ் பேசுவார். இடிந்து கிடந்த மாளிகை ஒன்றின் அடித்தளத்தைக் காட்டி, "சோழ ராஜா வந்து எல்லாம் உடைச்சது," என்றார். அவர் குரலில் பகை ஏதும் இல்லை. பள்ளியில் படித்ததைச் சொல்கிறவரின் தொனி.

சித்தி என்னைப் பார்த்தார். "யார்? நம் அருள்மொழியா?"

நான் என்ன சொல்வது? 993 அளவில் முதலாம் இராசராசனின் படை இந்நகரை வென்றதும், சோழர் தலைமையிடத்தைப் பொலன்னறுவைக்கு மாற்றி அதற்கு ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டதும், பின்னர் 1017இல் இராசேந்திரன் காலத்தில் ஐந்தாம் மகிந்தன் சிறைபிடிக்கப்பட்டுச் சோழநாட்டிலேயே இறந்ததும் வரலாறு. நாவலில் வருகிற இளவரசரோ, இடிந்த விகாரங்களைப் பழுதுபார்க்கச் செய்கிறார். பிக்குகள் தருகிற இலங்கைச் சிங்காதனத்தை வேண்டாம் என்கிறார். கல்கி இந்தத் தீவுக்கு வந்து பார்த்துத்தான் எழுதினார். இளமையின் அருள்மொழியோடு கதையை முடித்துக்கொண்டதால், பின்னால் வரப்போகும் இராசராசனின் படையெடுப்பை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இதையெல்லாம் சித்தியிடம் சுருக்கமாகச் சொன்னேன். அவர் சற்று நேரம் அந்தக் கற்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கல்கி சொல்லாமல் விட்டுவிட்டாரா?" என்று கேட்டார். அக்கேள்வியில் குற்றச்சாட்டு இல்லை. தம் வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பற்றிப் புதிதாக ஒன்றைக் கேள்விப்பட்டவரின் திகைப்புத்தான் இருந்தது.

மறுநாள் தம்புள்ளைக் குகைக்கோயிலின் படிகளை மெதுவாக ஏறினோம். அதற்கடுத்த நாள் பொலன்னறுவை. அங்கே இரண்டாம் சிவாலயம் என்று எண்ணிட்டுச் சொல்லப்படுகிற சோழர்காலக் கற்றளியின் பெயர் வானவன்மாதேவி ஈசுவரம். அப்பெயர் சோழ அரசியர் சிலருக்கு வழங்கியது. நாவலில் அருள்மொழியின் தாய்க்கும் அதுவே பெயர். சுவரில் தமிழ் எழுத்துகளைத் தடவிப் பார்த்தபோது எனக்குப் பெருமையும் கூச்சமும் ஒருங்கே எழுந்தன. அனுராதபுரத்தைப் பார்க்காமல் நேரே இங்கே வந்திருந்தால் பெருமை மட்டுமே இருந்திருக்கும்.

யாழ்ப்பாணம் திரும்பிய மாலை, தோழியும் அவளுடைய பதினான்கு வயது மகளும் எங்களைத் திரையரங்குக்கு அழைத்துப் போனார்கள். மணிரத்னத்தின் பொன்னியின் செல்வன் இரண்டாம் பாகம் ஏப்ரல் 28 அன்று வெளியாகியிருந்தது. முதல் பாகத்தை 2022இல் நானும் சித்தியும் எங்கள் ஊரிலேயே பார்த்திருந்தோம். அதில் மணிமேகலை வரவில்லை. "கடம்பூர் மாளிகையின் முக்கியமான கதை எல்லாம் பின்னால்தானே, இரண்டாம் பாகத்தில் வருவாள்," என்று சித்தி அப்போது தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

படத்தைப் பற்றி நியாயமாகவே சொல்ல வேண்டும். எம்.ஜி.ஆர். 1958இல் முயன்று கைவிட்டது முதல் எத்தனையோ பேர் கனவாகவே நின்ற வேலை அது. ஐந்து பாகங்கள், முந்நூறுக்குச் சற்றே குறைந்த அத்தியாயங்கள், ஐந்தரை மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். ஆதித்த கரிகாலனாக விக்ரமின் கண்களில் தெரிந்த வெறியும் வேதனையும் என் கற்பனையைவிடப் பெரிதாக இருந்தன. ரவிவர்மனின் ஒளிப்பதிவில் இருளும் தீப்பந்தமும் பேசின. படப்பிடிப்பு 2019இல் தொடங்கியது தாய்லாந்தில். உண்மையான அனுராதபுரத்தை மூன்று நாள் முன்பு பார்த்துவிட்டு வந்த எனக்கு அதுகூட உறுத்தவில்லை. நாவலில் சேந்தன் அமுதனுக்குச் சேர்கிற மகுடம் படத்தில் மதுராந்தகனுக்கே போனது உறுத்தியது. ஆனால் என் கவனம் பாதி திரையிலும் பாதி பக்கத்து இருக்கையிலுமாக இருந்தது.

கடம்பூர் மாளிகை வந்தது. கரிகாலன் வந்தான், நந்தினி வந்தாள், விளக்குகள் அணைந்தன, கொலை நடந்தது. வந்தியத்தேவன்மேல் பழி விழுந்தது. சித்தி இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டார். நாவலில் இந்த இடத்தில்தான், அவனைக் காப்பதற்காகக் கொலைப்பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ள ஒரு பெண் முன்வருகிறாள். படத்தில் அப்படியொருத்தி பிறக்கவே இல்லை. கதை அவளின்றி மேலே போனது. போர் நடந்தது, முடிசூட்டு விழா நடந்தது, பெயர்கள் ஓடின. சித்தி பெயர்கள் முடியும் வரை எழுந்திருக்கவில்லை.

வெளியே வந்ததும் தோழி, "அம்மா, உங்களுக்குப் படம் பிடிக்கேல்லையோ?" என்று கேட்டாள். "நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள். அவளுக்கு இடமில்லாமல் போய்விட்டது," என்றார் சித்தி.

எனக்குக் கோபம் வந்தது. இரவு முழுவதும் மனத்துக்குள் இயக்குநரோடு வாதாடினேன். அண்ணன் கந்தமாறன் வாய்வழிப் புகழ்ந்தே ஒருவன்மீது காதலை வளர்த்துவிட்டு, பிறகு அரச சம்பந்தம் வேண்டி அவனை மறந்துவிடச் சொல்லும் கொடுமை எத்தனை வீடுகளில் நடந்தது! அவன் மனம் குந்தவையிடம் இருப்பதை அறிந்தும் அவனுக்காகவே சித்தம் கலங்கி, இறுதியில் அவன் மடியிலேயே உயிர்விடுகிறவள் அவள். நாவலுக்குத் தியாக சிகரம் என்று முடிவுப் பாகம் வைத்த கல்கி, அதன் கடைசிப் பக்கங்களை மகுடம் துறந்தவனுக்குக் கொடுக்கவில்லை; இவளுக்குத்தான் கொடுத்தார். வரலாற்றில் இல்லாத ஒரு பெண்ணுக்கு அவ்வளவு பெரிய இடம். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அரசியல் சூழ்ச்சிதானே?

இப்படியெல்லாம் வாதாடிக்கொண்டிருந்தபோதுதான் என் பாடக்குறிப்பு நினைவுக்கு வந்தது. இளங்கலை மாணவர்களுக்கு நாவல் வரலாறு நடத்துகையில் நான் ஆண்டுதோறும் தருகிற பொன்னியின் செல்வன் கதைச்சுருக்கம் இரண்டு பக்கம். நந்தினி உண்டு, குந்தவை உண்டு, ஊமை ராணி உண்டு. மணிமேகலை இல்லை. கதைத் திருப்பங்களுக்கு அவள் தேவைப்படவில்லை என்பதால் விட்டிருக்கிறேன். பதினைந்து ஆண்டுகளாக. சித்தியின் குரலில் அவளைக் கேட்டு வளர்ந்த நானே.

மறுநாள் இரவு, ஊர் திரும்புவதற்கு முன், முற்றத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். நேற்றைய பேச்சு மறுபடி எழுந்தது. தோழியின் மகள் படத்தை மட்டும் பார்த்தவள், நாவலைத் தொட்டதில்லை. "அம்மம்மா, மணிமேகலை மணிமேகலை எண்டு கதைக்கிறீங்கள். அது ஆர்?" என்று கேட்டாள்.

சித்தி காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். கடம்பூர் மாளிகையில் ஒரு பெண், அண்ணன் சொல்லக் கேட்டே ஒருவனை நினைத்துக்கொண்டிருந்தாள் என்று தொடங்கினார். கண்ணாடியில் அவன் முகத்தை அவள் பார்க்கும் இடம் வந்தபோது பெண் நெருங்கி வந்து அமர்ந்தாள். கையில் புத்தகம் இல்லை. கந்தமாறன் பேசியபோது குரல் கந்தமாறனுடையதாயிற்று. சம்புவரையர் பேசியபோது அவருடையதாயிற்று. மணிமேகலை பேசத் தொடங்கினாள்.

குரல் மாறவில்லை.