காலையில் சுற்றிய தார்



என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்களுக்கு வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு நினைவிருக்கும். பாடம் கிடையாது, புதிர்தான். ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் வரவேண்டும். எதுகை வைத்து நானே கட்டிச் சொல்வேன். காளமேகப் புலவர் பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் பாடியவர். நமக்கு அந்த அளவுக்கு வராது. படி, மாலை, திங்கள், ஆறு என்று பிள்ளைகளுக்கு எட்டும் சொற்கள்தான்.

ஒரு நாள் கேட்டேன்: "சாலையில் கிடப்பேன், சோலையில் தொங்குவேன். நான் யார்?" (தோப்பைச் சோலை ஆக்கியது எதுகைக்காக.)

தினமும் தாமதமாக வந்து கடைசி வரிசையில் தூங்கி வழியும் பையன் எழுந்தான். "தார், சார்." சரியான விடை. உட்காரச் சொல்வதற்குள், "காலையில எங்கம்மா சுத்துவாங்க சார், நானும் சுத்துவேன்" என்றான்.

நான் செய்யாறு பக்கம் விவசாயக் குடும்பம். ஆரணிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ரோட்டுத் தார் தெரியும், வாழைத்தார் தெரியும். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுடா" என்று அதட்டினேன். மற்றவர்களும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள்தான். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அன்று மாலை வீட்டுக்காரம்மா திண்ணையில் உட்கார்ந்து ராட்டையில் பட்டு நூலைச் சின்னக் குழலில் சுற்றிக்கொண்டிருந்தார். என்னம்மா இது என்றேன். "தார் சார். இதை நாடாவுல போட்டாத்தானே ஊடை ஓடும்."

சாலை, சோலை, காலை. எதுகைகூடத் தப்பவில்லை. என் புதிரை அவன் முடித்துக் கொடுத்திருக்கிறான். ஏன் தாமதமாக வருகிறான் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

திங்கட்கிழமை அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாத்தியார் கௌரவம்! தாமதத்துக்கு வெளியே நிறுத்துவதை மட்டும் விட்டுவிட்டேன். ஆறாம் வகுப்பு பாதியிலேயே தறிக்குழியில் இறங்கிவிட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

போன வாரம் கடைத்தெருவில் பார்த்தேன். மகள் பத்தாவது படிக்கிறாளாம். தமிழையும் கடலையும் சேர்த்துத் தமிழழகனார் பாடிய சிலேடை பாடத்தில் வருகிறதே, அதைப் படிக்கும்போது மகளுக்கு இந்தத் தார் கதையைச் சொல்லியிருக்கிறான். "வாழைக்குலைன்னா பெரிய 'ற' போட்டு தாறுன்னு எழுதணும்கிறா சார். அப்ப நான் அன்னைக்குச் சொன்னது தப்பா?"

முப்பத்தைந்து வருஷம் கழித்துக் கேட்கிறான்.

"ரெண்டும் வழக்குல இருக்குப்பா. தப்பு என்னுது" என்றேன். சிரித்துவிட்டு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான்.

இந்த வாரப் புதிர்: வண்டிக்கு அடியில் கிடப்பேன், வெல்லத்துக்கு வடிவம் கொடுப்பேன், தறியில் ஊடையை அடிப்பேன். நான் யார்? தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் முதலில் சொல்லுங்கள்.