மின்கிட்டாருக்குள் ஒரு தம்புரா

ஆய்வேட்டின் கடைசி இயலை எழுதும் நாள்களில் பின்னணியில் எதைக் கேட்கிறீர்கள் என்று இளம் ஆய்வாளர் ஒருவர் சென்ற வாரம் உள்பெட்டியில் கேட்டிருந்தார். 'அகம்' என்று ஒரே சொல்லில் பதில் அனுப்பினேன். குறுந்தொகையா, அகநானூறா என்று அவர் திரும்பக் கேட்டார். நான் சொன்னது பெங்களூரின் ராக் இசைக்குழு ஒன்றை. எதிலிருந்து தொடங்குவது என்று அடுத்து வினவினார். அவருக்கு எழுதத் தொடங்கிய மறுமொழி நீண்டுவிட்டதால் இங்கே பொதுவில் வைக்கிறேன்.

அகம் 2003-இல் தொடங்கிய குழு. ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் பாடுகிறார், வயலினும் வாசிக்கிறார். கிட்டார் டி. பிரவீண் குமார். கீபோர்டு வாசிக்கும் சுவாமி சீதாராமன் பாடல்களும் எழுதுகிறார். 2007-இல் சன் தொலைக்காட்சியின் 'ஊ ல ல லா' போட்டியில் வென்றபோதுதான் தமிழ்நாட்டில் பலர் இவர்களை அறிந்தனர். இதுவரை மூன்று தொகுப்புகள்: 'தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்' (2012), 'எ டிரீம் டு ரிமெம்பர்' (2017), 'அரைவல் ஆஃப் தி எதீரியல்' (2025). தங்கள் இசையை இவர்கள் கர்நாடக புரோகிரசிவ் ராக் என்று அழைக்கின்றனர்.

புரோகிரசிவ் ராக் என்பது 1960களின் இறுதியில் இங்கிலாந்தில் உருவான வகை. மூன்று நிமிடத்தில் முடியும் நடனப் பாட்டாகவே ராக் இருக்க வேண்டியதில்லை என்று அது வாதிட்டது. கிங் கிரிம்சன் குழுவின் முதல் தொகுப்பு 1969-இல் வந்தது. 1972-இல் யெஸ் குழு 'குளோஸ் டு தி எட்ஜ்' என்ற ஒரே பாட்டால் இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் நிரப்பியது. பிங்க் ஃபிளாய்டின் 'மனி' (1973) பெரும்பகுதி ஏழு எண்ணிக்கையில் நடக்கிறது. நான்கு எண்ணிக்கைக்குப் பழகிய காதுகளுக்கு அது புதுமை. மூன்றும் நான்குமாக மிச்ர சாபு போட்டுப் பழகிய நம்மவருக்கு அந்த ஏழு அண்டை வீட்டுக்காரர் போன்றது. இரண்டு மரபுகளும் சந்திப்பதற்கு வழி முன்பே இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஆனால் இந்தக் குழுவை நான் பரிந்துரைப்பதற்கான காரணம் தாளக் கணக்கு அன்று. அதைச் சொல்ல எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் பிறந்து வளர்ந்தது ரிச்சர்ட்ஸ் டவுனில். 1809-இல் ஆங்கிலேயர் இங்கே தண்டு அமைத்த பின்பு வேலை தேடி வந்த தமிழர்களின் வழிவந்த குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. அப்பா ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடற்குழுவில் கிட்டார் வாசிப்பார். வீட்டு அலமாரியில் வேதாகமத்துக்குப் பக்கத்தில் ஜெத்ரோ டல், பிங்க் ஃபிளாய்டு ஒலிநாடாக்கள் இருக்கும். எங்கள் தெருவில் ராக் அந்நிய இசையாக இருந்ததில்லை. கர்நாடக இசைதான் அந்நியமாக இருந்தது.

எனக்குப் பதினொரு வயதில் பாட்டுக் கற்கும் ஆசை வந்தது. அப்பா என்னை ஒரு பாட்டு ஆசிரியரின் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். வீட்டில் யாராவது பாடுவார்களா, எந்தச் சபாவுக்குப் போவீர்கள், பெயர் என்ன சொன்னீர்கள் என்று அடுத்தடுத்துக் கேள்விகள். கடைசியில், "இதெல்லாம் கேட்டு வளர்ந்த குழந்தைகளுக்குத்தான் வரும்" என்ற தீர்ப்பு. குரலில் கடுமை இல்லை. கடுமையாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். திரும்பும் வழியில் அப்பா ஒன்றும் பேசவில்லை. ரிச்சர்ட்ஸ் பூங்காவின் வாசலில் வேர்க்கடலை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு, "பரவாயில்லம்மா, நம்மகிட்ட கிட்டார் இருக்கு" என்றார். அதன் பிறகு பத்து ஆண்டுகள் வானொலியில் கர்நாடக இசை வந்தால் நான் நிலையத்தை மாற்றிவிடுவேன்.

2012-இல் முதுகலை மாணவியாக இருந்தபோது, வகுப்புத் தோழி ஒருத்தி தன் ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டாள். கனத்த கிட்டாரும் டிரம்ஸும் கேட்டன. எங்கள் வீட்டு ஒலி என்று நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதன்மேல் ஒரு குரல் ஏறியது. நான் கேட்டுக்கொண்டிருப்பது தியாகராஜரின் 'பண்டுரீதி கொலு' என்று பாட்டு முடிந்த பிறகுதான் தோழி சொன்னாள். குழு அதற்கு வைத்திருந்த பெயர் 'ஸ்வான்ஸ் ஆஃப் சரஸ்வதி'. இசை முதலில் வந்தது. அதன் பெயரும் முகவரியும் பின்னால் வந்தன. அந்த வரிசை மாறியிருந்தால் நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

அன்று மாலை அதை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு முறை கேட்டார். பிறகு தன் கிட்டாரை எடுத்து, அடித்தந்தியையும் அடுத்த தந்தியையும் மட்டும் சேர்த்து மீட்டினார். "இது என்ன?" என்றார். "பவர் கார்ட்" என்றேன். "கோயில் கச்சேரியில பின்னாடி ஒருத்தர் உக்காந்து மீட்டிக்கிட்டே இருப்பாரே, அதும் இதே ரெண்டு சுரந்தான். கேட்டுப் பாரு."

அப்பா சொன்னது சரி. மேற்கத்திய கார்ட் ஒன்றில் வழக்கமாக மூன்று சுரங்கள் இருக்கும்: சட்ஜம், காந்தாரம், பஞ்சமம். மகிழ்ச்சியா சோகமா என்ற நிறத்தைத் தருவது நடுவில் உள்ள காந்தாரம். ஆனால் கிட்டாரின் ஒலியை டிஸ்டார்ஷன் கொண்டு முறுக்கும்போது மூன்று சுரங்களின் மேல்சுரங்களும் ஒன்றோடொன்று மோதிக் கலங்கிவிடுகின்றன. எனவே ராக் கிட்டார்க்காரர்கள் காந்தாரத்தை விட்டுவிட்டு ச-ப இரண்டையும் மட்டும் மீட்டினர். அதுதான் பவர் கார்ட். தம்புராவின் நான்கு தந்திகளும் பெரும்பாலும் ப-ச-ச-ச என்றே சுருதி கூட்டப்படுகின்றன. குதிரையின்மேல் நூலிழை வைத்து ஜீவா சேர்ப்பது மேல்சுரங்களைப் பெருக்குவதற்காக. மின்கிட்டாரின் டிஸ்டார்ஷனும் வேறு வழியில் அந்த வேலையைத்தான் செய்கிறது.

ஹம்ஸநாதம் இதற்கு இன்னும் பொருத்தம். இன்றைய வழக்கில் அது காந்தாரமும் தைவதமும் இல்லாத ஐந்து சுர ராகம். கிட்டார் விட்டுவிட்ட சுரத்தை ராகமும் விட்டுவிட்டிருக்கிறது. ஒன்று மற்றொன்றின் காலை மிதிக்காமல் இரண்டும் நடக்க முடிகிறது. இணைவிசை என்ற பெயரில் நாம் கேட்கும் பலவற்றில் ராகத்தின் மேல் கார்டுகளைப் பசைபோட்டு ஒட்டியிருப்பார்கள். இங்கே கேட்கும் பொருத்தம் உள்ளிருந்து வருவது.

இனி நான் பரிந்துரைக்கும் வரிசை.

1. ஸ்வான்ஸ் ஆஃப் சரஸ்வதி (2012). மேலே சொன்ன காரணங்களுக்காக இதுவே முதலில். பொருளையும் தெரிந்துகொண்டு கேளுங்கள்: இராமனின் அவையில் காவற்பணி ஒன்று தருமாறு வேண்டும் கீர்த்தனை இது. மெய்சிலிர்ப்பே கவசம், இராமநாமமே வாள் என்கிறார் தியாகராஜர்.

2. தனஸ்ரீ தில்லானா (2012). ஸ்வாதித் திருநாள் (1813–1846) இயற்றியது. தில்லானாவின் சொற்கட்டுகள் பெரும்பாலும் தாள ஒலிகளே. மொழி ஒரு தடையாக இல்லாததால், ராக் கேட்டுப் பழகியவர்களுக்கும் எளிதில் வசப்படும். டிரம்ஸ் எங்கே மிருதங்கத்தின் சொல்லைப் பேச முயல்கிறது என்று கவனியுங்கள்.

3. போட் சாங் (2012). கேரளத்துப் படகோட்டிகளின் வஞ்சிப்பாட்டு மரபிலிருந்து எழுந்தது. செவ்வியல் அல்லாத ஒன்றையும் இவர்கள் அதே அக்கறையோடு அணுகுகின்றனர் என்பதற்குச் சான்று. ஆய்வேட்டுக்கு நடுவில் உறக்கம் வந்தால் இதைப் போடுங்கள்.

4. மிஸ்ட் ஆஃப் கேப்ரிகார்ன் (2017). தியாகராஜரின் 'மனவ்யாலகிஞ்சரா', நளினகாந்தி ராகம். இளையராஜா 'கலைஞன்' (1993) படத்தில் இந்த ராகத்தில் ஒரு பாடல் அமைத்திருப்பதால் தமிழ்க் காதுக்கு முன்பே அறிமுகமான வழி. நளினகாந்தியின் ஆரோகணம் நேராக ஏறாது: ச-க-ரி-ம என்று வளைந்து ஏறும். அந்த வளைவு ராக் இசையில் கிட்டாரின் துணுக்காகவும் பொருந்துவதைக் கேளுங்கள்.

5. ரங்கபுர விஹாரா (2017). முத்துசுவாமி தீட்சிதரின் பிருந்தாவன சாரங்கா. முதல் நான்கையும் கேட்ட பிறகு, இரவில், தனியாக. இதன் பிறகு எம். எஸ். சுப்புலட்சுமி பாடியதையும் தேடிக் கேளுங்கள்.

மூன்றாவது தொகுப்போடு இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன். அதைப் பற்றிப் பிறிதொரு நாள்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். கீர்த்தனை ஒன்றில் ஒரே வரியை ஒவ்வொரு சங்கதியாக வளர்க்கும்போது, முந்தைய சங்கதி நினைவில் தங்க ஒரு மௌனம் தேவைப்படுகிறது. முழு வாத்தியக் குழுவும் ஒலிக்கும் இடங்களில் அந்த மௌனம் சில நேரங்களில் பறிபோகிறது; சாகித்தியமும் அமுங்குகிறது. இந்தக் காரணத்துக்காக இவர்களைக் கேட்க மறுக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களது வாதத்தை மதிக்கிறேன்.

இன்னொரு கேள்வி எனக்கே உண்டு. இவர்கள் அந்த மரபைக் கற்றவர்கள். கதவை உள்ளிருந்து திறந்தவர்கள். வெளியே நின்ற நான் நுழைந்தது அவர்கள் திறந்ததனால். யாருக்குச் சொந்தம் இந்த இசை என்ற கேள்வியை டி. எம். கிருஷ்ணா போன்றோர் எழுப்பி விவாதம் நடந்துகொண்டிருக்கும்போது, ஒரு ராக் குழு அதற்கு விடையாகிவிடாது. அகம் என்ற சொல்லுக்கு உள்ளம் என்றும் வீடு என்றும் பொருள் உண்டு. முதற்பொருள் எனக்கு இலவசமாகக் கிடைத்தது. இரண்டாவதற்குத்தான் அழைப்புத் தேவைப்பட்டது.

பின்னாளில் ஆய்வுக்காகப் படிக்கையில் வேறொன்று தெரிந்தது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) இராகம் தாளம் அமைத்து எழுதிய கிறித்தவக் கீர்த்தனைகளைத் தமிழ்த் திருச்சபைகள் இன்றும் பாடுகின்றன. ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலைத் தமிழ் இசைக்காக வெளியிட்டார். அப்பாவும் நானும் ஞாயிறுதோறும் பாடியவற்றில் பல இராகங்கள் இருந்திருக்கின்றன. பெயர் சொல்லித் தர ஆள் இல்லாததால் அவற்றைப் 'பாட்டு' என்று மட்டும் அழைத்தோம். "கேட்டு வளர்ந்த குழந்தைகளுக்குத்தான் வரும்" என்று சொன்னவரிடம் இன்று ஒரே ஒரு பதில் இருக்கிறது: நானும் கேட்டுத்தான் வளர்ந்தேன்.

அப்பாவுக்கு இப்போது எழுபது கடந்துவிட்டது. விரல் மூட்டுகளில் வாதம். ஆறு தந்தி கார்டுகளைப் பிடிக்க முடிவதில்லை. பவர் கார்டுக்கு இரண்டு விரல் போதும். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அவர் ச-ப மீட்ட, ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கேட்டு நான் கற்றுக்கொண்ட 'பண்டுரீதி கொலு'வைப் பாடுகிறேன். அனுபல்லவியில் ஒரு சங்கதி இன்னும் சரியாக வரவில்லை. "மறுபடி பாடு" என்கிறார்.

இந்த வரிசையைக் கேட்டுவிட்டு, உங்களுக்கு எது முதலில் வசப்பட்டது என்று எழுதுங்கள். எந்த வயதில், யார் கொடுத்து, இந்த இசைக்குள் வந்தீர்கள் என்றும் எழுதுங்கள். எனக்கு அதுதான் மேலும் முக்கியம்.