கப்பலில் ஐந்து இரவு, கரையில் இரண்டு நாள் ஆட்டம்

தோழர்கள் சிலர் நேராகவும் சிலர் சுற்றிவளைத்தும் கேட்டுவிட்டார்கள்: "சொகுசுக் கப்பல்ல டூராமே? இயக்கத்துக்கு எப்போ திரும்பப் போறீங்க?" அந்தக் கேள்வியில் பாதி கிண்டல், பாதி நிஜம். நிஜமான பாதிக்குத்தான் இந்தப் பதில்.

போனது பெரும்பாலும் அம்மாவின் பணத்தில். புறநகர் நகராட்சி ஒன்றில் 28 ஆண்டுகள் துப்புரவுப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்கொடையில் கடனை அடைத்து, பேத்தியின் காதுகுத்துக்குச் செலவழித்து, மிச்சம் இருந்ததை என்ன செய்யலாம் என்று கேட்டோம். வேளாங்கண்ணி என்பார், இல்லையென்றால் தங்கம் என்பார் என்று நினைத்திருந்தோம். "கடலுக்கு உள்ள போய்ப் பாக்கணும்" என்றார். வாழ்நாள் முழுக்கக் கடலைக் கரையிலிருந்து மட்டுமே பார்த்தவர்.

சென்னைத் துறைமுகத்தில் 2022 ஜூன் மாதம் முதல்வர் ஸ்டாலின் தொடங்கிவைத்த அந்தக் கப்பல் பயணத்தைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். புதுச்சேரிக்குள் வர அனுமதி கிடைக்காமல் திரும்பியதே, அதே கப்பல்தான். 'எம்ப்ரஸ்' என்று பெயர். 1990இல் கட்டியது. அதாவது எங்களில் சிலரைவிட மூத்தது. 2023 ஜூனில் அது இலங்கைக்கும் போக ஆரம்பித்தது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை, திரும்பவும் சென்னை. ஆடி மாதத்தில் நாங்கள் ஆறு பேர் ஏறினோம். பெட்டி படுக்கையோடு தாம்பரத்தில் மின்சார ரயில் பிடித்து கடற்கரை நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் துறைமுகம். சொகுசுக் கப்பலுக்கு எலக்ட்ரிக் ட்ரெயினில் போனவர்கள் அன்று நாங்கள் மட்டுமாகத்தான் இருந்திருப்போம்.

இங்கே கொஞ்சம் நின்று வரலாறு பேசவேண்டும். "நமக்கெல்லாம் எதுக்குக் கப்பல்?" என்று கேட்பவர்கள் நம் வரலாற்றை மறந்துவிட்டுக் கேட்கிறார்கள். கடல் கடப்பதைச் சாதியை இழக்கச் செய்யும் பாவங்களில் ஒன்றாகப் பௌதாயன தர்மசூத்திரம் எழுதிவைத்திருக்கிறது. கணிதமேதை ராமானுஜன் 1914 மார்ச்சில் இதே சென்னையிலிருந்து 'நெவாசா' கப்பலில் இங்கிலாந்து கிளம்புவதற்கு முன் அவர் வீட்டில் எவ்வளவு தயக்கம் இருந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. இழக்கச் சாதிப் பெருமை எதுவும் இல்லாத நம் ஆட்களுக்கு அந்தத் தயக்கம் இருக்கவில்லை. அவர்களுக்கு இருந்தது பசி. 1860 அக்டோபரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் மதராசிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பி, நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் போய்ச் சேர்ந்தது. கப்பலில் 342 பேர். அந்தக் கூலிக் கப்பல்களின் பதிவேடுகளில் பெயருக்குப் பக்கத்தில் சாதியும் எழுதியிருக்கும். பறையர் என்று எழுதிய வரிகளுக்குப் பஞ்சமே இல்லை. சென்னையில் அப்போது கப்பல் வந்து அணையும் துறைமுகமே கிடையாது. அலையைத் தாண்டி மசூலாப் படகில் கொண்டுபோய்த்தான் ஏற்றுவார்கள்.

அதே கடலில் வேறு மாதிரிப் போனவரும் உண்டு. மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் தென்னாப்பிரிக்காவில் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பினார். பிறகு 1930இலும் 1931இலும் அண்ணல் அம்பேத்கரோடு நம் பிரதிநிதியாக லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனார். அண்ணல் 1930 அக்டோபர் 4 அன்று பம்பாயில் ஏறிய கப்பலின் பெயர் 'வைசிராய் ஆஃப் இந்தியா'. எங்கள் தாம்பரம் லைனில் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931இல். மாணவத் தோழர்கள் இந்த இரண்டு தகவலையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். தாம்பரத்துக்கு மின்சார ரயில் வருவதற்கு முன்பே நம் தலைவர்கள் கடல் தாண்டிப் போய் உரிமை கேட்டிருக்கிறார்கள்.

சரி, கப்பலுக்கு வருவோம். முதல் இரண்டு மணி நேரம் அது கப்பல் மாதிரியே இல்லை. ஜி.எஸ்.டி. சாலை மால் ஒன்றைக் கடலில் மிதக்கவிட்டது போல இருந்தது. கடை, லிஃப்ட், பாட்டு, பஃபே. இரவு மேல்தளத்துக்குப் போனபோதுதான் கடல் தெரிந்தது. கரையின் வெளிச்சம் போய்விட்டது. கறுப்பாக, எல்லாப் பக்கமும் ஒன்றுபோல. அம்மா கம்பியைப் பிடித்தபடி ஒரு மணி நேரம் நின்றார். என்ன தோன்றியது என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஆடிக் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும். இலங்கையின் கிழக்குப் பக்கம் வரை கடல் சாதுவாக இருந்தது. தீவின் தென்கிழக்கு மூலையைத் திரும்பி அம்பாந்தோட்டையை நெருங்கியதும் தூக்கிப்போட ஆரம்பித்தது. எங்களில் மூன்று பேர் படுத்துவிட்டோம். அம்மாவும் குழந்தைகளும் இட்லி சாப்பிடப் போனார்கள்.

சாப்பாட்டு மேசையில் நாங்கள் எதிர்பார்த்தது நடந்தது. தென்சென்னைக்காரத் தம்பதி ஒன்று எதிரில் வந்து உட்கார்ந்தது. நல்ல பேச்சு. பேரப்பிள்ளைகள், சர்க்கரை, மூட்டுவலி. பிறகு அந்த ஐயா, "சொந்த ஊர் எது?" என்றார். இந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்பது இதைப் படிக்கும் உங்களுக்கும் தெரியும். வாடகை வீடு தேடிய ஒவ்வொருவருக்கும் தெரியும். நாங்கள் "தாம்பரம்தான் சார்" என்று வாயெடுப்பதற்குள் அம்மா, "மதுராந்தகம் பக்கம், காலனி. முனிசிபாலிட்டில கூட்டுற வேலை, இப்போ ரிட்டையர்ட்" என்றார். ஐயாவுக்குத் தட்டில் திடீரென்று நிறைய வேலை வந்துவிட்டது. மறுநாள் அவர் வேறு மேசை. ஆனால் அந்த அம்மா மட்டும் மாலையில் எங்கள் அம்மாவைத் தேடி வந்து மூட்டுவலித் தைலம் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டுப் போனார். இரண்டுமே நடந்தது, அதனால் இரண்டையும் எழுதுகிறோம்.

அறை சுத்தம் செய்ய வந்த பையனுக்கும் அம்மாவுக்கும் தினமும் சண்டை. அவர் வருவதற்குள் அம்மா படுக்கையை மடித்து, குப்பையைக் கட்டி வைத்துவிடுவார். "மேடம், மை ஜாப்" என்று அவர் கெஞ்சுவார். கடல் தொழிலாளர்களுக்கு 2006இல் வந்த சர்வதேச உடன்படிக்கை ஒன்று உண்டு. இந்தியா அதை 2015இல் ஏற்றது. நாளைக்கு 10 மணி நேர ஓய்வு கட்டாயம் என்கிறது. அதைச் சொன்னபோது, "அப்படின்னா பதினாலு மணி நேரம் வேலை வாங்கலாம்னுதானே அர்த்தம்?" என்று கேட்டார் அம்மா. தொழிற்சங்கக் கணக்கு அவருக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை.

அம்மாவை உண்மையில் அசத்தியது கக்கூஸ். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பொத்தானை அழுத்தினால் 'ஸ்ஸப்' என்று ஒரு சத்தம். ஒரு லிட்டர் அளவு தண்ணீர். காற்றழுத்த வித்தியாசத்தில் குழாய் எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடுகிறது. "எங்க போகுது?" என்று மூன்று பேரிடம் கேட்டார். கடைசியில் எஞ்சின் பிரிவில் வேலை பார்க்கும் தூத்துக்குடித் தம்பி ஒருவர் மாட்டினார். கழிவு கீழே சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. சர்வதேச விதிப்படி, சுத்திகரிக்காத கழிவைக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் கொட்டக்கூடாது. (சூதாட்ட அறை திறக்கவும் நாட்டின் கடல் எல்லையான அதே 12 கடல் மைலைத் தாண்டவேண்டும். எல்லாக் கழிவுக்கும் ஒரே கணக்கு.)

"அடைச்சுக்கிட்டா? யார் இறங்குவாங்க?"

தம்பி சிரிக்காமல் பதில் சொன்னார். குழாய் அடைத்தால் பிளம்பர், கருவியோடு வருவார். தொட்டிக்குள்ளேயே போகவேண்டிய நாளும் வரும். ஆனால் அதற்கு முன் தொட்டியைக் காலி செய்து காற்றை உள்ளே செலுத்துவார்கள். ஆக்சிஜன் எவ்வளவு, விஷவாயு எவ்வளவு என்று மீட்டரில் அளப்பார்கள். அதிகாரி கையெழுத்துப் போட்ட அனுமதிச் சீட்டு வேண்டும். வாயிலில் ஒருவர் மூச்சுக்கருவியோடு நிற்கவேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் யாரும் இறங்கக்கூடாது, கேப்டன் சொன்னாலும்.

அம்மா அன்றிரவு தூங்கவில்லை. அவரோடு வேலை பார்த்த ஒருவர் தொட்டிக்குள் போனவர்தான், திரும்பவில்லை. ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. வாயு போய்விட்டது என்று நம்பி இறங்குவார்கள். இந்த விஞ்ஞானம் கப்பல் கட்டுபவனுக்கும் தெரியும், நகராட்சிப் பொறியாளருக்கும் தெரியும். மூவாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு சாதிக்காரன் இருக்கிற இடத்தில் மீட்டர் வாங்க யாருக்கும் தோன்றுவதில்லை.

காங்கேசன்துறையில் இறங்கி யாழ்ப்பாணத்துக்குப் பேருந்தில் போனோம். கொஞ்ச நேரத்தில் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில். வழிகாட்டி கோயிலின் பழமையைச் சொன்னார், போரின் சேதத்தைச் சொன்னார். 1968ஐச் சொல்லவில்லை. அந்த ஆண்டு இந்தக் கோயிலுக்குள் போக உரிமை கேட்டு ஒடுக்கப்பட்ட மக்கள் வாசலில் அமர்ந்து போராடினார்கள். எதிரே நின்று தடுத்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் சி. சுந்தரலிங்கம். முன்னாள் அமைச்சர், கணிதப் பேராசிரியர். படித்தால் சாதி போய்விடும் என்று நம்பும் தோழர்கள் இந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். கே. டானியலின் 'பஞ்சமர்' நாவலையும் தேடிப் படியுங்கள். பேருந்தில் நாங்கள்தான் எழுந்து அந்தக் கதையைச் சொன்னோம். பாதிப் பேர் கேட்டார்கள், பாதிப் பேர் செல்ஃபி எடுத்தார்கள். அம்மா உள்ளே போகவில்லை. செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்து ஏறிக்கொண்டார்.

சென்னையில் இறங்கியதும்தான் கடல் எங்களை விடவில்லை என்று தெரிந்தது. துறைமுகத் தரை மெல்ல ஏறி இறங்கியது. கடற்கரை நிலையத்தில் ரயில் ஏறியதும் சரியாகிவிட்டது. தாம்பரம் பிளாட்பாரத்தில் கால் வைத்ததும் மறுபடி ஆட்டம். இதற்கு நோய் என்று பயப்படவேண்டாம். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும் மூளையும் கப்பலின் அசைவுக்கு ஏற்பத் தங்களைப் பழக்கிக்கொண்டிருக்கின்றன. தரை அசையாமல் நின்றாலும் மூளை பழைய கணக்கையே போட்டுக்கொண்டிருக்கும். வண்டியில் போகும்போது குறையும், சும்மா நிற்கும்போது கூடும். பெரும்பாலும் ஓரிரு நாளில் போய்விடும். ஒரு மாதம் தாண்டினால் மருத்துவரைப் பார்க்கவேண்டும். குளியலறையில் கண்ணை மூடி முகத்துக்குச் சோப்புப் போடும்போதுதான் மோசம். எங்களில் ஒருவர் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குளித்தார்.

மூன்றாம் நாள் காலை ஆட்டம் நின்றது. அன்று எதிர்வீட்டுக்குக் கழிவுநீர் லாரி வந்தது. எங்கள் தெருவுக்கு இன்னும் பாதாளச் சாக்கடை வரவில்லை. 2021இல் தாம்பரம் மாநகராட்சி ஆனது, வரி ஆனது, குழாய் ஆகவில்லை. லாரி உறிஞ்சி முடித்ததும் அடியில் சேறு கெட்டியாக நின்றது. வீட்டுக்காரர் 'கொஞ்சம் இறங்கி வழிச்சு விட்டுடுப்பா' என்கிறார். பையனுக்கு இருபது வயது இருக்கும், லுங்கியை மடித்துக் கட்டுகிறான்.

அம்மா எழுந்து போய்த் தொட்டியின் வாயில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

வீட்டுக்காரருக்குச் சட்டத்தை நாங்கள் சொன்னோம். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்புக் கருவி இல்லாமல் தொட்டிக்குள் ஆளை இறக்குவது குற்றம். முதல் தடவையே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். லாரி முதலாளிக்கு மட்டுமில்லை, இறங்கச் சொல்பவருக்கும்தான். அவர் முதலில் கத்தினார், பிறகு தண்ணீர் பாய்ச்சிச் சேற்றைக் கரைத்து மறுபடி உறிஞ்ச ஒப்புக்கொண்டார். கூடுதலாக ஒரு மணி நேரம், அவ்வளவுதான். நாங்கள் திரும்பி வந்த சில மாதங்களில், 2023 அக்டோபர் 20 அன்று, சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. செத்த பிறகு வரும் முப்பது லட்சம். உயிரோடு இருக்கும்போது அந்த ஒரு மணி நேரம் தர ஆளில்லை.

லாரி தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தபோது பையன் அம்மாவின் பக்கத்தில் குந்தியிருந்தான். அவர் கப்பல் கக்கூஸைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நெசமாவா ஆயா? சத்தம் மட்டும்தான் வருமா?"

"சத்தம் மட்டும்தான்."

இப்போது எங்கள் தெருவில் நாலு வீட்டுச் சுவரில் செப்டிக் டேங்க் உதவி எண் 14420ஐப் பெரிதாக எழுதியிருக்கிறோம். எதிர்வீட்டுக்காரர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். பெயிண்ட் மிச்சம் இருக்கிறது.