பவளத் தீவுகளில் என் பெற்றோர்

மணமான ஆண்டிலேயே அம்மாவை இராமேசுவரத்துக்கு அழைத்துப்போவதாக அப்பா வாக்களித்தாராம். பதினேழு ஆண்டுகள் கழித்துச் சென்ற மே மாதத்தில்தான் அது நிறைவேறியது. ஆரணிப் பட்டு நெய்யும் குடும்பம் எங்களுடையது. பெரணமல்லூரில் ஒரு பாவு முடிந்தால் அடுத்த பாவு காத்திருக்கும். இம்முறை நடுவே ஒரு வாரம் கிடைத்தது. நானும் ஒட்டிக்கொண்டேன்!

பாய்மரப் படகில் மாதக்கணக்காகப் பவளத்திட்டுகளைச் சுற்றிவரும் வெளிநாட்டுத் தம்பதியரைப் பற்றிப் படித்திருக்கிறேன். என் பெற்றோரின் கடற்பயணமோ ஒரு மணி நேரம்தான். கூடவே மஞ்சள் பையில் புளிச்சோறு.

விடியுமுன் ரயில் பாம்பன் பாலத்தில் மெல்ல ஊர்ந்தது. 2025ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புதிய பாலம். "விளக்கெல்லாம் வட்டம் கட்டித் தெரியுதே" என்று அப்பா வியந்தார். கடற்காற்றின் ஈரம் என்று நினைத்துக்கொண்டோம்.

கோயில் தரிசனம் முடித்து மறுநாள் படகேறினோம். மன்னார் வளைகுடாவில் பாம்பன் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள் வரிசையாக உள்ளன. 1986இல் அவை கடல்சார் தேசியப் பூங்காவாயின. படகின் அடித்தளத்தில் தடித்த கண்ணாடி பதித்திருந்தார்கள். குனிந்து பார்த்தேன். தோழியரே, அது கண்கொள்ளாக் காட்சி! மான்கொம்புபோல் கிளைத்த பவளம், மூளைபோல் மடிந்த பவளம், மணலில் அசையாத கடலட்டை, கூட்டமாய்த் திரும்பும் சின்னஞ்சிறு மீன்கள். பவளம் கல்லன்று, கோடிக்கணக்கான சிற்றுயிர்கள் கட்டிய வீடு என்று பாடத்தில் படித்தது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அம்மாவோ எல்லாவற்றையும் சேலையாகவே பார்த்தார். "என்னங்க, கிளிப்பச்சை உடலுக்கு அரக்குக் கரை போட்ட மாதிரி ஒரு மீன்! அதோ எலுமிச்சை மஞ்சள்!" அப்பா தலையாட்டிக்கொண்டே இருந்தார். மீன் இடப்புறம் போக, அவர் வலப்புறம் பார்த்துத் தலையாட்டினார். அம்மாவின் பேச்சு மெல்ல நின்றது.

"அந்த வெள்ளைதான் எனக்கு நல்லாத் தெரியுது" என்றார் அப்பா, ஓரிடத்தைக் காட்டி.

படகோட்டி எட்டிப் பார்த்தார். "அது நல்ல வெள்ளை இல்லீங்க ஐயா. தண்ணி சூடேறினா பவளத்துக்குள்ள குடியிருக்கிற பாசி வெளியே போயிடும். பாசிதான் அதுக்குச் சோறும் நிறமும். சீக்கிரம் குளிர்ந்தால் பிழைக்கும். 2016இல் நிறையச் செத்துப்போச்சு." முன்னாளில் சுண்ணாம்புக்காகவும் பவளத்தை வெட்டி அள்ளினார்களாம். 21 தீவுகளில் இரண்டு கடலில் மூழ்கிவிட்டன. தடுப்புச்சுவர்போல் அலையைத் தாங்கிய பவளம் போனதும் அதற்கு ஒரு காரணம். 2001இல்தான் வனவிலங்குச் சட்டம் பவளத்துக்குப் புலிக்கு நிகரான பாதுகாப்பைத் தந்தது.

அவர் சொன்னதை நான் கேட்டேன். அம்மா கேட்டதாகத் தெரியவில்லை.

"எத்தனை மாசமா?" என்றார் அப்பாவிடம், தாழ்ந்த குரலில்.

அப்பா நெடுநேரம் பேசவில்லை. "தையிலிருந்து" என்றார் பிறகு.

எனக்கு ஒவ்வொன்றாய் நினைவுக்கு வந்தது. அறுந்த இழையைப் பிணைக்க அம்மாவையே கூப்பிட்டது. வெயில் நேரத்தில் வாசலுக்கு வரத் தயங்கியது. ஒரு சேலையில் பூ விட்டுப்போய்க் கூலியில் பிடித்தம் ஆனபோது நூலின்மேல் பழி போட்டது. தெரிந்தால் பாவு கொடுக்க மாட்டார்களோ என்ற அச்சம் அவருக்கு. அந்த அச்சத்தோடுதான் அம்மாவைக் கடல் பார்க்க அழைத்து வந்திருக்கிறார். பிறகு முடியாமல் போய்விட்டால் என்று எண்ணினாரோ என்னவோ, நான் கேட்கவில்லை.

கரை சேரும்வரை அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக்குள் தெரிந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே வந்தார். இந்த முறை மெதுவாக.

கண்புரைதான் என்றார் மருத்துவர். ஆடியில் ஒரு கண்ணுக்கு அறுவை நடந்தது. ஆவணியில் அப்பா மீண்டும் தறிக்குழியில் இறங்கினார். முதல் நாளே ஒரு மஞ்சள் நூற்கண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "அன்னைக்குப் பார்த்தியே அந்த மீன், இந்த மஞ்சளா?" என்று கேட்டார்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "இல்லீங்க, இன்னும் கொஞ்சம் பச்சை கலக்கணும்."