பிறர் குதிரைக்குத் தீனி: நந்திதுர்க்கிலிருந்து ஒரு கடிதம்

நந்திதுர்க்,
கோலார் தங்கவயல்



சாலையோரம் நிற்கும் பிறர் குதிரைக்கு வழிப்போக்கர் ஏதாவது தின்னக் கொடுப்பது தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் பரவலான பழக்கம். பசுவுக்கு அகத்திக்கீரையும் வாழைப்பழமும் கொடுத்துப் பழகிய கை, குதிரையைக் கண்டாலும் நீள்கிறது. கொடுப்பவர் அதைப் புண்ணியமாக நினைக்கிறார். குதிரைக்கு அது நன்மையா தீமையா என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: குதிரையின் குடல் அமைப்பு, கொடுக்கப்படும் பொருள், அன்று அதற்கு ஏற்கெனவே என்ன தீவனம் போடப்பட்டிருக்கிறது என்பது. மூன்றாவது விஷயம் குதிரைக்காரருக்கு மட்டுமே தெரியும். அதனால்தான் அவரைக் கேட்காமல் கொடுப்பது தவறாகிறது.

நான் எழுதும் இந்தத் தங்கவயலின் பெரிய தங்கச் சுரங்கங்கள் நான்கு: மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க். வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பில் வளர்ந்த இந்த ஊரில், ஆட்டோக்கள் வருவதற்கு முன் ஜட்கா வண்டிகள் ஓடின. ஜட்காக் குதிரைக்குப் புல்லும், ஊறவைத்து வேகவைத்த கொள்ளும், கொஞ்சம் தவிடும் வண்டிக்காரர் கையால் அளந்து வைக்கப்படும். அந்த அளவுக்குக் காரணம் உண்டு. தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. தவிட்டையே நம்பி வளரும் குதிரையின் முக எலும்பு நாளடைவில் வீங்கிவிடும். கொள்ளு மிகுந்தால் வயிறு கெடும்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. ஊரார் சயனைடு மேடு என்று சொல்லும் கழிவுக் குன்றுகள் அப்படியே நிற்கின்றன. தாதுப்பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய மண் அது. வெயிலிலும் காற்றிலும் சயனைடு சிதைந்துவிடும். பாறையிலிருந்து வந்த உலோகங்கள் சிதைவதில்லை. மேட்டின் அடிவாரத்தில் பச்சையாகத் தெரியும் புல்லைப் பிடுங்கி ஒரு பிராணிக்கு நீட்டுபவர், அந்த மண்ணையும் சேர்த்தே நீட்டுகிறார். இந்த ஊரில் எந்தப் புல் எங்கே வளர்ந்தது என்ற விவரம் வளர்ப்பவருக்கு முக்கியம். வழியே போகிறவர் அதைப் பார்ப்பதில்லை.

பசுவையும் குதிரையையும் ஒன்றாக நினைப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. பசு அசைபோடும் பிராணி. விழுங்கியது முதலில் பெரிய முன்வயிற்றுக்குப் போய், நுண்ணுயிர்களால் புளித்து, மறுபடி வாய்க்கு வருகிறது. குதிரை அசைபோடுவதில்லை. அதன் இரைப்பை 8 முதல் 15 லிட்டர் வரைதான் கொள்ளும். உடலளவோடு பார்த்தால் மிகச் சிறியது. நார்ப்பொருள் செரிப்பது பின்குடலில். நாளில் 14 முதல் 18 மணி நேரம் வரை கொஞ்சம் கொஞ்சமாக மேய்வதற்கென்றே அமைந்த உடல் அது. மெல்லும்போது மட்டுமே உமிழ்நீர் சுரக்கும். மெல்லாமல் விழுங்கியது ஈரமில்லாமல் உள்ளே இறங்குகிறது. குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. தவறான பொருள் ஒருமுறை உள்ளே போய்விட்டால், அது வெளியேறக் குடலின் முழு நீளத்தையும் கடந்தாக வேண்டும்.

இந்த அமைப்பால் வரும் கேடுகள் மூன்று. முதலாவது, உணவுக்குழாய் அடைப்பு. முழு ஆப்பிள், உருண்டையாக நறுக்கிய கேரட், உருளைக்கிழங்கு, காய்ந்த ரொட்டி ஆகியவை தொண்டைக்குக் கீழே சிக்கிக்கொள்ளும். மூச்சு நிற்காது, ஆனால் எச்சிலும் தீவனமும் மூக்கு வழியே வழியும். அது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். இரண்டாவது, கோலிக் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்லும் வயிற்று வலி. குதிரை முன்காலால் தரையைக் கீறும், விலாவைத் திரும்பிப் பார்க்கும், படுத்துப் புரளும். குடல் முறுக்கிக்கொண்டால் அறுவை சிகிச்சை இல்லாமல் பிழைப்பது அரிது. மூன்றாவது, லாமினைட்டிஸ். மாவுச்சத்தோ சர்க்கரையோ அளவு மீறிப் பின்குடலுக்குப் போனால் அங்கே அமிலம் பெருகி, நல்ல நுண்ணுயிர்கள் செத்து, நச்சுகள் இரத்தத்தில் கலக்கின்றன. அதன் விளைவு குளம்பில் தெரியும். குளம்பின் உள்ளே எலும்பைத் தாங்கும் மென்திசுக்கள் அழற்சியுற்று, குதிரை கால் ஊன்ற முடியாமல் போகிறது. சவாரிக்கோ வண்டிக்கோ உழைக்கும் குதிரைக்கு இது வாழ்வின் முடிவாகவும் அமையலாம்.

லாமினைட்டிஸ் தீனி தின்ற ஒன்றிரண்டு நாள் கழித்தே வெளிப்படும். அதற்குள் தீனி கொடுத்தவர் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். தன் கையால் கொடுத்த ஒரு பிடியால் ஒன்றும் ஆகவில்லை என்று அவர் நம்புவது இதனால்தான். அந்த ஒரு பிடி பெரும்பாலும் ஆபத்தில்லாததுதான். ஆனால் சுற்றுலாத் தலத்தில் நிற்கும் குதிரையிடம் ஒரே நாளில் பலர் வருகிறார்கள். ஒவ்வொருவரும் தான் ஒருவர்தான் என்று எண்ணிக் கொடுக்கிறார்கள். கூட்டிப் பார்க்கும் கணக்கு யாரிடமும் இருப்பதில்லை.

கொடுக்கக்கூடாத பொருள்களில் முதலிடம் அரளிக்கு. கோயில் மாலைகளில் அரளிப்பூ தாராளமாகச் சேர்கிறது. வாடிய மாலைகள் தெருவில் நிற்கும் பிராணிகளுக்குப் போடப்படுகின்றன. அரளியின் எல்லாப் பாகமும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. காய்ந்த பின்னும் நஞ்சு நீங்குவதில்லை. ஒரு கைப்பிடி இலையே குதிரையைக் கொல்லப் போதும். வெங்காயம் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கிறது. பச்சை கட்டிய உருளைக்கிழங்கும் தக்காளிச் செடியும் நஞ்சுள்ளவை. அவகாடோ இலை இதயத்தைக் கெடுக்கும். புல்வெளியில் இயந்திரத்தால் வெட்டிக் குவித்த புல் பார்க்கப் பசுமையாக இருந்தாலும் குவியலுக்குள் புளித்துச் சூடேறியிருக்கும்; குதிரை அதை மெல்லாமல் வாய் நிறைய அள்ளும். விருந்தில் மிஞ்சிய சோறும் பொங்கலும் இனிப்பும் வெறும் மாவுச்சத்தும் சர்க்கரையும்தான். மாட்டுத் தீவனமும் பொது உணவல்ல: பல நாடுகளில் மாட்டுத் தீவனத்தில் சேர்க்கும் மோனென்சின் என்ற மருந்து, மாடு தாங்கும் அளவில் சிறு பங்கிலேயே குதிரையைக் கொன்றுவிடும்.

கொடுப்பவருக்கும் ஆபத்து உண்டு. குதிரையின் கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால் மூக்குக்கு நேர்கீழே உள்ளதை அது பார்ப்பதில்லை. உதட்டால் தடவித்தான் அறிகிறது. விரலுக்கும் கேரட்டுக்கும் வேறுபாடு தெரியாமல் கடிக்க அதுவே காரணம். கையால் தீனி வாங்கிப் பழகிய குதிரை, கை காலியாக வருபவரையும் முட்டும், கடிக்கும். பல குதிரைகள் சேர்ந்து நிற்கும் இடத்தில் ஒன்றுக்கு நீட்டினால் மற்றவை நெருக்கும், உதைக்கும். நடுவில் குழந்தை இருந்தால் விளைவு மோசம். வெறிநோய் கண்ட குதிரையின் எச்சிலும் நாயின் எச்சிலைப் போலவே கொடியது.

பந்தயக் குதிரையானால் விஷயம் வேறொரு பக்கமும் திரும்புகிறது. சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின், தேநீரிலும் காப்பியிலும் உள்ள காஃபின், கசகசா தூவிய ரொட்டியிலிருந்து வரும் மார்ஃபின் ஆகிய எல்லாமே பந்தய விதிகளில் தடைசெய்யப்பட்ட பொருள்கள். பரிசோதனையில் தடயம் தெரிந்தால் பதில் சொல்ல வேண்டியவர் பயிற்சியாளர். பிஸ்கட் கொடுத்தவரை யாரும் தேடப் போவதில்லை.

கட்டிவைத்த குதிரையைப் பற்றி இவ்வளவு தெளிவு இருந்தாலும், அவிழ்த்துவிட்ட குதிரையிடம் குழப்பம் வருகிறது. ஊட்டி இதற்கு நல்ல உதாரணம். சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் மட்டக்குதிரைகள் வேலையில்லாத நேரத்தில் சாலையில் விடப்படுகின்றன. அவை அநாதைகளாகத் தெரியும். ஆனால் பெரும்பாலானவற்றுக்கு உரிமையாளர் உண்டு. குப்பைத்தொட்டியில் உணவோடு பிளாஸ்டிக்கையும் தின்கின்றன, வாகனங்களில் அடிபடுகின்றன. இவற்றைப் பிடித்து உரிமையாளருக்கு அபராதம் விதிப்பது நகராட்சியின் தொடர் வேலை. கார் ஜன்னலிலிருந்து நீட்டப்படும் கேரட், சாலைதான் சாப்பாடு கிடைக்கும் இடம் என்று அந்தக் குதிரைக்குக் கற்றுக்கொடுக்கிறது. உரிமையாளருக்கும் அது வசதி: தீவனச் செலவை ஊர் ஏற்றுக்கொள்கிறது, அவர் பொறுப்பு குறைகிறது.

இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் காட்டிலும் இதே நிலைமைதான். அங்கே திறந்த வெளியில் திரியும் மட்டக்குதிரைகள் அனைத்தும் உள்ளூர் மேய்ச்சல் உரிமையாளர்களுக்குச் சொந்தமானவை. பயணிகள் தீனி கொடுத்துப் பழக்கியதால் குதிரைகள் சாலைக்கு வந்து அடிபட்டன, மனிதரைக் கடித்தன. அங்குள்ள மாவட்ட மன்றம் 2023 ஜூலையிலிருந்து அவற்றுக்குத் தீனி கொடுப்பதையும் தொட்டுத் தடவுவதையும் தடைசெய்தது.

உரிமையாளரே இல்லாத குதிரைகளும் தமிழர் நிலத்தில் உண்டு. நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோடியக்கரை சரணாலயத்திலும், யாழ்ப்பாணத்துக்கு அப்பால் நெடுந்தீவிலும் காட்டுத்தனமாகத் திரியும் மட்டக்குதிரைகள் அவை. நெடுந்தீவில் வறட்சிக் காலத்தில் குதிரைகளைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர்ப் பஞ்சம். அங்கே உதவி என்பது தொட்டியில் நீர் நிரப்புவது. அதையும் பொறுப்பான துறையினர் வழியாகச் செய்வதே முறை.

சட்டத்தின் நிலை இது. அரசியலமைப்பின் 51ஏ(ஜி) பிரிவு உயிர்களிடம் இரக்கம் காட்டுவதைக் குடிமக்களின் கடமையாக்குகிறது. பிறர் பிராணிக்கு அனுமதியில்லாமல் தீனி போடும் உரிமையை அது தரவில்லை. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், கேடு தரும் பொருளை வேண்டுமென்றே தகாத முறையில் கொடுப்பதை வதை என்கிறது. போதிய உணவும் நீரும் தங்குமிடமும் தராத உரிமையாளரும் அதே பிரிவின்கீழ் குற்றவாளி. முதல் குற்றத்துக்கான அபராதம் இன்னும் 10 முதல் 50 ரூபாய்தான். தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவு, பிராணியைத் தீய நோக்கோடு நஞ்சிட்டுக் கொல்பவருக்கு 5 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. அறியாமல் அன்போடு கொடுத்தவர் இதில் சிக்கமாட்டார். குதிரை செத்தால் நஷ்டஈடு கேட்டு உரிமையாளர் வழக்குத் தொடுக்க வழியுண்டு.

ஆக, நடைமுறை எளிது. குதிரைக்காரர் அருகில் இருந்தால் கேட்க வேண்டும். அவர் சம்மதித்தால், கேரட்டை நீளவாக்கில் விரல் போல நறுக்கி, விரித்த உள்ளங்கையில், கட்டைவிரலை ஒட்டி வைத்து, ஒன்றிரண்டு துண்டு கொடுக்கலாம். காசாகக் கொடுத்து, அவர் கையாலேயே புல் வாங்கிப் போடச் சொல்வது அதைவிட மேல். குதிரைக்காரர் இல்லையென்றால் கொடுக்கக் கூடாது. சுத்தமான தண்ணீர் வைப்பதில் மட்டும் கெடுதல் இல்லை. எலும்பு தெரிய மெலிந்தோ, புண்ணோடு நொண்டியோ, நாள் கணக்கில் கட்டிய இடத்திலேயோ நிற்கும் குதிரைக்கு ஒரு பிடி புல் தீர்வாகாது. நெடுநாள் பட்டினி கிடந்த குதிரைக்குத் திடீரென நிறையப் போட்டால் அதுவே உயிரை வாங்கும். கால்நடை அவசர உதவிக்குத் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் 1962 என்ற எண் இருக்கிறது. கால்நடை மருத்துவமனைக்கும், வதை என்று தெரிந்தால் காவல் நிலையத்துக்கும் தெரிவிப்பது வழிப்போக்கர் ஒருவர் செய்யக்கூடிய முழு உதவி.