கார்ட் வண்டியும் ஈரமான பிளக்கும்

1990ஆம் ஆண்டுக்குப் பின் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய எவருக்கும் 'சூப்பி'யைப் பற்றி விளக்கத் தேவையில்லை. இங்கு பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம். பொருளாதாரத் தடையினால் பெற்றோல் அரிதாகிவிட, மண்ணெண்ணெயிலேயே வண்டிகளை ஓட்டினோம். குளிர்ந்த இயந்திரம் மண்ணெண்ணெயில் பற்றாது. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் பீச்சி அதனை உயிர்ப்பிப்போம். சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய் போதும். திரவம் எரிவதில்லை, அதன் ஆவியே எரிகிறது என்பதைத் தமிழும் வரலாறும் கற்பித்த நாம் கற்றுக்கொண்டது அவ்வாறுதான்.

அக்கல்வி சென்ற வசந்தத்தில் ரொறன்ரோவில் பயன்பட்டது. இரண்டு வேலை செய்து மிச்சம்பிடித்த பணத்தில், அயலவர் ஒருவர் 14 வயது மகனுக்குப் பழைய கார்ட் வண்டி வாங்கியிருந்தார். 'டூ ஸ்ட்ரோக்' எனப்படும் இரண்டடிப்பு இயந்திரம், யமஹா கே.டி. 100. மூன்று ஞாயிறுகள் ஓடுதளத்துக்குக் கொண்டு சென்றும் சிலவேளை இருமும், பின் அடங்கும். இயந்திரத்தை முழுமையாகப் பிரிக்க வேண்டுமெனத் திருத்துநர் ஒருவர் பெருந்தொகை கேட்டாராம். "மாஸ்ரர், வித்துப்போடுவம்" என்றார் தகப்பன். மகன் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம் நமக்குப் பிடிக்கவில்லை.

பிளக்கைக் கழற்றினோம். நனைந்திருந்தது. துடைத்து, பெற்றோல் வாடை இல்லாத இடத்தில் உலோகத்தோடு பிடித்துச் சுழற்றியபோது நீலப்பொறி பறந்தது. பொறியுமுண்டு, பெற்றோலுமுண்டு, அளவுதான் மிஞ்சியிருந்தது. பெற்றோல் வழியை அடைத்து, திறொட்டிலை முழுவதும் திறந்து, பிளக் இல்லாமலே சுழற்றினால் தேங்கிய ஈரம் வெளியேறும். அதன்பின் உலர்ந்த பிளக்கைப் பூட்டப் பற்றியது. அரை நிமிடத்தில் மீண்டும் அடங்கியது.

குற்றம் காபரேற்றரில் இருந்தது. இதில் மோட்டார் சைக்கிளில் உள்ளதுபோல் மிதவைக் கிண்ணம் இல்லை. மெல்லிய சவ்வொன்று அசைந்து, சிறு ஊசியைத் திறந்து மூடிப் பெற்றோலை அளக்கிறது. மாரி முழுவதும் உள்ளே தேங்கிக் கிடந்த பெற்றோல் ஆவியாகிப் பிசினை விட்டுச் சென்றிருந்தது. ஊசி மூடவில்லை, சவ்வோ காய்ந்த ஓலைபோல் விறைத்திருந்தது. இரண்டையும் மாற்ற ஒருநாட் கூலிகூட ஆகவில்லை. நான்காம் ஞாயிறு எட்டு முறை நிறுத்தினோம். எட்டு முறையும் பற்றியது.

பையன் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறான். இவ்வியந்திரத்துக்குத் தனியாக எண்ணெய் ஓடாது. பெற்றோலோடு கலந்த எண்ணெயே உள்ளுறுப்புகளைக் காக்கிறது. இவ்வகைப் பழைய இயந்திரங்களுக்கு 20 பங்கு பெற்றோலுக்கு 1 பங்கு எண்ணெய் என்பது வழக்கம். ரோட்டக்ஸ் மாக்ஸ் போன்றவற்றுக்கு 50க்கு 1 போதும். கண்மட்டத்தில் ஊற்றுவது நம்மவர் பழக்கம், இங்கு அது செல்லாது. எதனோல் கலந்த பெற்றோல் ஈரத்தை உறிஞ்சுவதால் கலவை புதிதாக இருக்க வேண்டும். கலந்த திகதியைக் கலத்தின்மேல் ஒட்டுகிறான். குளிர்காலையில் ஸ்ராட்டர் சுழலும்போது காற்று வாயிலை உள்ளங்கையால் மூடி, குழாயில் பெற்றோல் ஏறியதும் கையை எடுத்துவிட வேண்டும்; தாமதித்தால் பிளக் மறுபடி நனையும். பற்றாவிடில் ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றிப் பார்க்க வேண்டும். பனிக்காலம் தொடங்குமுன் தாங்கி, குழாய், காபரேற்றர் மூன்றையும் வெறுமையாக்க வேண்டும் என்பதைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறான்.